இரண்டாவது முள்

மீன் கல்பொந்துக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு படுத்துவிட்டது. காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிய வேலை. பதினொன்றரை ஆகியும் அதை வெளியே எடுத்தபாடில்லை. அதை வாங்கிப்போக மதுரையிலிருந்து வந்திருந்த தம்பி, தோள்வரை கையைத் தொட்டிக்குள் விட்டு வாலைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தார். கொஞ்சம் பலமாக இழுத்துப் பார்த்தார். கடைசியில் கல்லையே தூக்கித் தண்ணீருக்கு மேலே சாய்த்தார். உள்ளேயிருந்து உறுமல் மாதிரி 'க்ர்ர், க்ர்ர்' என்று சத்தம் வந்தது. மீன் வரவில்லை. தாழ்வாரத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஆச்சி, "கோவிச்சுக்கிட்டு அறைக்குள்ள போயி உள்தாழ் போட்டுக்கிட்ட பிள்ள மாதிரியில்ல இருக்கு" என்றார்.

மீனுக்குச் சொந்தக்காரரான என் நண்பர், ஆச்சியின் மகன், அப்போது சிங்கப்பூரில் ஏதோ ஒரு அலுவலகப் படிக்கட்டில் நின்றபடி கைப்பேசித் திரையில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இழுக்காதீங்க, இழுக்காதீங்க" என்பதைத் தவிர அவரிடமிருந்து வேறு யோசனை வரவில்லை. ஐந்து வருடம் வளர்த்தவர்.

மண்டபம், பாம்பன் பக்கம் இந்த மீன் குடும்பத்துக்குக் கிளாத்தி என்று பேர். மலையாளக் கரையிலும் கிட்டத்தட்ட இதே பேர்தான். ஆங்கிலத்தில் துப்பாக்கி விசையை நினைத்து 'டிரிகர்' மீன் என்றார்கள். லின்னேயஸ் எழுதிவைத்த பாலிஸ்டஸ் என்ற பெயரும் ஆயுதச்சாலையிலிருந்து வந்ததுதான். பாலிஸ்டா என்பது ரோமானியர்கள் கல்லும் அம்பும் எறிந்த பொறி. வெள்ளைக்காரர்களுக்கு அது ஆயுதமாகத் தெரிந்திருக்கிறது. எங்கள் ஊர்க்காரனுக்கு அது தாழ்ப்பாளாகத்தான் தெரியும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தொங்குகிற பழைய பூட்டுகளைப் பார்த்திருக்கிறீர்களா? சிலவற்றில் சாவி நுழைகிற துளையே கண்ணில் படாது. எங்கேயோ ஓரத்தில் ஒரு குமிழை நகர்த்தினால்தான் துளை தெரியும். அந்தச் சாதி இது.

முதுகில் மூன்று முட்கள். முதலாவது தடித்து நீண்டு, முன்புறம் அரம்போலச் சொரசொரப்பாக இருக்கும். மீன் அதை நிமிர்த்தியதும் பின்னாலிருக்கும் இரண்டாவது சிறு முள் நகர்ந்து வந்து அதன் அடியில் முட்டுக்கொடுத்து நின்றுகொள்ளும். அதற்கப்புறம் முதல் முள்ளை எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது, ஒடியும், மடங்காது. வயிற்றுப் பக்கம் இடுப்பெலும்பின் நுனியில் ஒரு கரடான முண்டு உண்டு. அதையும் கீழே தள்ளிக்கொள்ளும். மேலே முள், கீழே முண்டு, நடுவே உடம்பு. பொந்தின் கூரைக்கும் தரைக்கும் நடுவில் ஆப்பு இறக்கியது போல நிற்கும். பெரிய மீன் வந்து இழுத்தாலும் சரி, அலை வந்து அடித்தாலும் சரி, அசையாது. இராத்திரி தூங்குவதும் இப்படித்தான், ஒருக்களித்துப் படுத்து, தாழ் போட்டுக்கொண்டு.

இப்போது மறுபடி சிங்கப்பூர் போய்விட்ட நண்பர், முன்பு இருபது வருடத்துக்கு மேல் அங்கே இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது எல்லோரும் அவர் கார் வாங்குவார், தோட்டம் வாங்குவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி இரண்டாம் கட்டுத் தாழ்வாரத்தில் வைத்தார். அந்த அளவுக்கு ஏறத்தாழ 680 லிட்டர் பிடிக்கும். தண்ணீர், கல், கண்ணாடி எல்லாம் சேர்த்தால் ஒரு டன்னுக்குக் குறையாது. மாடியில் வைக்க முடியாது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில், இரும்புத் தாங்கியின் மேல் உட்கார்ந்தது.

ஆச்சிக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. "கடலு வேணாம்னுதானடா நம்ம ஆளுக இங்கிட்டு வந்து மேடேத்தி வீடு கட்டுனாக. நீ என்னடான்னா கடலக் கொண்டாந்து கட்டுக்குள்ள வைக்கிற" என்றார்.

காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதும் நகரத்தார் பாண்டிய நாட்டின் உள்பகுதிக்குக் குடிவந்தார்கள், அந்தப் பயத்தில்தான் தெருவிலிருந்து ஆளுயரப் படியேறிப் போகிற மாதிரி வீடு கட்டினார்கள் என்பது இந்தப் பக்கத்தில் எந்தக் குழந்தையும் சொல்கிற கதை. வரலாற்றுக்காரர்கள் அதை எந்த மட்டுக்கும் ஒப்புவார்கள் என்பது வேறு விஷயம். மழைக்கே காத்துக் கிடக்கிற சிவகங்கைச் சீமையில் வெள்ளத்துக்குப் பயந்து மேடேற்றிய வீடு என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆனால் கடலை விட்டு அவர்கள் எங்கே விலகினார்கள்? ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று கப்பலேறினார்கள். தேக்கு பர்மாவிலிருந்து கடல்வழி வந்தது. சுவரில் பளிங்குபோல் மின்னுகிற பூச்சு, கடற்சிப்பி சுட்ட சுண்ணாம்போடு கடுக்காயும் முட்டை வெள்ளையும் சேர்த்து இழைத்தது. கடலுக்குப் பயந்து ஓடி வந்தவர்கள் கடலை அரைத்துச் சுவரில் பூசிக்கொண்டார்கள். ஆச்சியிடம் இதைச் சொன்னேன். "அது செத்த சிப்பி தம்பி" என்று முடித்துவிட்டார்.

கடலைச் செய்வதொன்றும் கம்பசூத்திரமில்லை. லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்பது கணக்கு. கல்லெல்லாம் போக 600 லிட்டர் என்றால் 21 கிலோ. சமையல் உப்பு ஆகாது. மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் கடலில் இருக்கிற விகிதத்தில் கலந்த தூள் மூட்டையாக வருகிறது. சம்பை ஊற்றுத் தண்ணீருக்குப் பேர்போன ஊரில், அந்த நல்ல தண்ணீரில் இருக்கிற தாதுக்களையும் வடித்து எடுத்துவிட்டு, வெறும் தண்ணீராக்கி, பிறகு அதில் உப்பைக் கொட்டிக் கரைப்பதைப் பார்த்த பக்கத்து வீட்டார் வாயடைத்துப் போனார்கள். இங்கிலாந்தில் 1854ஆம் ஆண்டிலேயே ஃபிலிப் காஸ் என்பவர் கடல்நீரை வீட்டில் செய்துகொள்ளும் கணக்கை அச்சில் வெளியிட்டுவிட்டார். கடற்கரையே பார்க்காத ஊர்க்காரர்களின் வரவேற்பறையில் கடற்சாமந்தி முளைத்த காலம் அது. நம் பக்கத்தில் 1909இல் சென்னை மெரினாவில் மீன்காட்சியகம் திறந்தார்கள்; எட்கர் தர்ஸ்டனின் முயற்சி. அங்கே கடல் எதிரிலேயே இருந்தது. காரைக்குடிக்குப் பக்கத்துக் கடல் என்றால் தொண்டி. போக ஒன்றரை மணி நேரம்.

உப்பைக் கரைத்தால் உப்புத் தண்ணீர் கிடைக்குமே தவிர, மீன் வாழ்கிற தண்ணீர் கிடைக்காது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா அதற்கே நஞ்சு. அதைத் தின்று நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா கல்லிலும் மணலிலும் பெருகி நிற்க நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்காக நண்பர் ஒரு பச்சை இறாலைத் தொட்டியில் போட்டு அழுகவிட்டார். வெறும் தண்ணீரை ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மகனைப் பற்றி விசாரித்த உறவுக்காரப் பெண்ணிடம் ஆச்சி சொன்ன விளக்கம்: "உறை ஊத்தி வச்சிருக்கான். இன்னும் தோயல." நான் படித்த எந்த விளக்கமும் இதற்கு மேல் சரியாக இல்லை.

அந்த வீட்டில் கடல் நிலைத்ததற்கு ஆச்சிதான் காரணம் என்று எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. சித்திரை, வைகாசியில் இங்கே வெயில் நாற்பது பாகையைத் தொடும். ஆறடித் தொட்டியிலிருந்து நாளுக்கு அரைக் குடம் தண்ணீர் ஆவியாகிவிடும். தண்ணீர்தான் போகும், உப்பு போகாது. குறைந்த அளவுக்கு உப்புத் தண்ணீரை ஊற்றினால் நாலே வாரத்தில் தொட்டி ஊறுகாய்ச் சாடி ஆகிவிடும். நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். ஊரிலிருக்கிற படித்த பிள்ளைகள் இதைத் தப்பாகவே செய்வார்கள் என்று நண்பர் சொல்வார். ஆச்சிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. "குழம்பு சுண்டிப் போனா உப்புக் கரிக்கும். அதுக்கு மேல உப்பையா போடுவாக?" என்று கேட்டார்.

தானாக நீர் நிரப்புகிற கருவி ஒன்று இருந்தது. ஒரு மாதத்தில் அதன் மிதவையில் உப்புக் கட்டி மக்கர் பண்ணியது. நண்பர் அப்போது வேலையாகப் பெங்களூரிலோ ஹைதராபாதிலோ இருந்தார். அன்றிலிருந்து சாயங்காலம் நாலு மணிக்கு, காப்பி குடித்த கையோடு, ஆச்சி ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு வருவார். கண்ணாடியில் ஒட்டியிருந்த பச்சை நாடாத் துண்டுவரை தண்ணீர் ஏறும்வரை சொம்பு சொம்பாக ஊற்றுவார். ஒரு நாள் அதைத் திரையில் பார்த்த நண்பர் அலறினார். செப்புக் குடத்துத் தண்ணீர்! செம்பு, கடல்நீரில் வாழும் நத்தைக்கும் இறாலுக்கும் துளியளவிலும் எமன். வேடிக்கை என்னவென்றால், கடல்மீனின் மேல் உப்புத்தூள் தூவினாற்போல வருகிற வெள்ளைப்புள்ளி நோய்க்குக் கொடுக்கிற மருந்தும் செம்புதான். "நாங்க பரம்பரையா இதுலதான் குடிக்கிறோம்" என்று ஆச்சி முணுமுணுத்தார். மறுநாளிலிருந்து பிளாஸ்டிக் குடம் வந்தது.

கத்திரி வெயிலில் தண்ணீர் முப்பது பாகையைத் தாண்டினால் அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைந்துவிடும். குளிர்விக்கிற எந்திரம் மின்சாரம் போனால் சும்மா நிற்கும். ஆச்சி குளிர்பதனப் பெட்டியில் ஐஸாக உறைய வைத்த தண்ணீர் பாட்டில்களைத் தொட்டியில் மிதக்கவிட்டு, உருகியதும் எடுத்து மறுபடி உறைய வைப்பார். பகல் தூக்கத்தைக்கூட அதற்கேற்ப மாற்றிக்கொண்டார்.

மீன் மண்டபம் கரையிலிருந்து ஒரு வியாபாரி மூலம் வந்தது. வந்தபோது மூன்று அங்குலம். ஆறு வாரம் தனித் தொட்டியில் வைத்தார்கள். அந்த வெள்ளைப்புள்ளிக் கிருமி மீனிலிருந்து உதிர்ந்து, தரையில் முட்டைபோல ஒடுங்கிக் கிடந்து, பிறகு பலவாகப் பிறந்து மறுபடி ஏறும். இரண்டு மூன்று சுற்று பார்த்தால்தான் நோய் இல்லை என்று சொல்லலாம். எனக்கு இதில் நினைவுக்கு வந்தது மண்டபம் முகாம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் தொழிலாளர்களைக் காலரா, அம்மை இல்லை என்று உறுதி செய்யும்வரை அடைத்து வைத்து, பிறகே கப்பலேற்றிய இடம் அது. இலங்கை அரசு இந்தியக் கரையில் நடத்திய முகாம். நாடு விடுதலையாகிற வருடத்தில், 1947 பிப்ரவரி 3ஆம் தேதி, தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருந்ததும் அதே மண்டபம் முகாமில்தான். தலைமையகம் பிற்பாடு கொச்சிக்குப் போனது. மண்டபத்தில் நிலையமும் அதன் மீன்காட்சிக் கூடமும் இருக்கின்றன. இன்னும் பிற்பாடு ஈழத்திலிருந்து படகேறி வந்தவர்கள் தங்கவைக்கப்பட்டதும் மண்டபத்தில்தான். மனிதர்களை வடிகட்டிப் பார்த்த கரையிலிருந்து வந்த மீனைக் காரைக்குடியில் ஒரு வீட்டின் பின்கட்டில் ஆறு வாரம் வடிகட்டிப் பார்த்தோம்.

பிக்காசோ என்று இந்த வகைக்குக் கடைக்காரர்கள் வைத்த பேர் நிலைத்துவிட்டது. பார்த்தால் காரணம் புரியும். மணல் நிற உடம்பு. உதட்டிலிருந்து செவுள்வரை மஞ்சள் கோடு, உதட்டுச்சாயம் இழுபட்டதுபோல. இரண்டு கண்ணுக்கும் நடுவே நீலப் பட்டைகள். வாலுக்கு முன்னால் சாய்வாக வெள்ளைக் கோடுகள். முகமே உடம்பில் மூன்றில் ஒரு பங்கு. கண் வாயிலிருந்து வெகுதூரம் பின்னால், உச்சிக்குப் பக்கத்தில். கடல் முள்ளெலியைத் தின்கிற மீன் அல்லவா, முள் கண்ணில் குத்தாத தூரம் வேண்டும். இரண்டு கண்ணும் தனித்தனியாகச் சுழலும். ஒன்று என்னைப் பார்க்கும்போது இன்னொன்று ஆச்சியின் கையிலிருக்கும் தட்டைப் பார்க்கும். ஹவாய்த் தீவுகளில் இதன் நெருங்கிய உறவுக்குப் 'பன்றி மூக்குக் கிளாத்தி' என்று பொருள்படும் ஹுமுஹுமுநுகுநுகுஆபுவாஆ என்ற பேர். 1985இல் அதை மாநில மீனாக அறிவித்தார்கள். பிறகு கெடு முடிந்துபோக, 2006இல் நிரந்தரமாக்கினார்கள். ஆச்சியிடம் அந்தப் பேரைச் சொல்லிக் காட்டினேன். "பேர் சொல்லிக் கூப்புடுறதுக்குள்ள சோறு ஆறிப்போகும்" என்றார். அவர் அதைக் கடைசிவரை 'அவன்' என்றுதான் சொன்னார்.

அவன் சும்மா இருக்கிற ஆளில்லை. வெப்பமானியை உடைத்தான். குழாயைக் கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் குமிழ்களைக் கடித்துத் துப்பினான். தன் தலையளவு கல்லை வாயில் கவ்வி இடது மூலையிலிருந்து வலது மூலைக்கு நகர்த்தினான்; நண்பர் பழையபடி வைத்தால் மறுநாள் காலையில் அது மறுபடி வலது மூலையில் இருக்கும். துணைக்கு விட்ட இரண்டு சிறு மீன்களில் ஒன்றை மூன்றாம் நாளே காணவில்லை. மற்றதை நாங்கள் வெளியே எடுத்துக் காப்பாற்றினோம். அதற்குப் பிறகு ஒண்டிக்கட்டைதான். தண்ணீருக்கு மேலே வாயை நீட்டி, வருகிறவர் முகத்தில் பீய்ச்சியடிப்பான். முதலில் குறும்பு என்று நினைத்தேன். 1970களில் ஹான்ஸ் ஃபிரிக்கெ என்ற ஜெர்மானியர் செங்கடலில் இவன் உறவுக்கார மீன் முள்ளெலியை வேட்டையாடுவதைப் பார்த்து எழுதியிருக்கிறார்: வாயால் நீரைப் பீய்ச்சி முள்ளெலியைக் கவிழ்த்து, முள் குறைவான அடிப்பக்கத்தைக் கடிக்கும். கவிழவில்லையென்றால் ஒரு முள்ளைப் பிடித்துத் தூக்கிப் போடும். எங்கள் முகங்களை அவன் கவிழ்த்துப் பார்க்கிறான் போலிருக்கிறது.

புத்தி உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இதே பிக்காசோ மீனுக்குப் பழக்கம் கொடுத்து, நிறக்குருட்டுத்தன்மைக்கு நமக்குக் காட்டுவார்களே புள்ளிப்படம், அதுபோன்ற ஒன்றைக் காட்டினார்கள். மற்றப் புள்ளிகளிலிருந்து நிறம் வேறுபடுகிற ஒற்றைப் புள்ளியை அது கொத்திக் காட்டியது. 2019இல் அந்த ஆய்வு வெளியானது. ஓட்டுநர் உரிமத்துக்கு அந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்து முழித்த ஆட்களை எனக்குத் தெரியும்.

ஆச்சியின் சேலையை அவன் கண்டுகொள்வான் என்று அந்த வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். சேலையோ, நடையோ, நாலு மணியோ. அவர் வந்தால் பொந்தைவிட்டு வெளியே வந்து கண்ணாடியோரம் மேலும் கீழுமாக அலைவான். கிளாத்தியின் பல் தேய்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஓடுள்ள தீனி கொடுக்க வேண்டும். நண்டுக் குழம்பு வைக்கிற நாளில், மசாலா அரைப்பதற்கு முன்னால், கழுவிய பச்சை நண்டுக்காலில் இரண்டை ஆச்சி தனியே எடுத்து வைப்பார். கண்ணாடிக்குப் பின்னால் அவன் அதை உடைக்கிற சத்தம், பாக்குவெட்டியில் களிப்பாக்கு வெட்டுகிற சத்தம்போல, தாழ்வாரத்தின் இந்தக் கோடியில் கேட்கும். ஆனால் வெள்ளிக்கிழமை கிடையாது. "இன்னைக்கு வீட்ல கவிச்சி இல்ல. நீ மட்டும் என்ன?" என்று அவனிடமே சொல்லிவிடுவார். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடுவது தொட்டி மீனுக்கு நல்லது என்று நண்பர் எங்கோ படித்துவிட்டு வந்து பெருமையாகச் சொன்னபோது, அது அந்த வீட்டில் இரண்டு வருடமாக நடந்துகொண்டிருந்தது.

இது சரியா என்ற கேள்வி எனக்கு இருந்துகொண்டேதான் இருந்தது. கோமாளி மீனை இப்போது குஞ்சுபொரிப்பகத்தில் பெருக்குகிறார்கள். மண்டபத்து நிலையமே அதில் முன்னோடி. கிளாத்தி அப்படியில்லை. மணலில் குழி பறித்து முட்டையிட்டுக் காவல் காக்கும். பெரிய வகையொன்று, கூட்டுக்கு மேலே வருகிற முக்குளிப்பவர்களையே விரட்டிக் கடிக்கும். பொரிந்த குஞ்சு வெகுநாள் நடுக்கடலில் மிதந்து திரிய வேண்டும். அதைத் தொட்டியில் வளர்த்தெடுப்பது லேசில்லை. ஆகவே வீட்டில் இருக்கிற கிளாத்தி அநேகமாகக் கடலிலிருந்து எடுத்ததுதான். பவளப்பாறையை எடுப்பது 2001 முதல் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அந்தப் பாறையில் வாழ்கிற மீனைப் பையில் கட்டி எடுத்து வரலாம். நண்பர் தொட்டியில் பவளம் கிடையாது, செயற்கைக் கல்தான். அதை அவர் நியாயத்துக்குச் சான்றாகச் சொல்வார். எனக்கு அது அவ்வளவு பெரிய சான்றாகப் படவில்லை.

ஆனால் ஒருநாள் விடியற்காலை அவரோடு பாம்பன் போயிருந்தபோது என் கேள்வியின் கூர் கொஞ்சம் மழுங்கியது. கரையில் வலையைப் பரப்பி மீன் கழற்றிக்கொண்டிருந்தார்கள். விளைமீன், ஊளி எல்லாம் கூடைக்குப் போக, ஒரு பக்கம் கருநீலக் கிளாத்திகள் குவிந்து கிடந்தன. தோல் செருப்புத் தோல்போல. உரித்துத்தான் சமைக்க வேண்டும். அதனால் கேட்பார் குறைவு. கேரள, கர்நாடகக் கரைகளில் இது வலை வலையாகக் கொட்டத் தொடங்கியதிலிருந்து மீன்தூள் ஆலைக்குப் போவது அதிகம் என்றார்கள். இங்கே கிலோக்கணக்கு, அதுவும் மட்டமான விலை. நண்பர் வாங்கியது அங்குலக்கணக்கு. குவியலில் ஒன்று இன்னும் செவுளை அசைத்துக்கொண்டிருந்தது. நான் எந்தக் கிளாத்திக்காக வருத்தப்பட வேண்டும் என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது.

அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர், வலைக்கண்ணில் முள் மாட்டிய ஒரு கிளாத்தியைக் கழற்றிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் நரம்பை அறுத்தார்கள். அவர் அறுக்கவில்லை. நான் குனிந்து பார்ப்பதைக் கண்டு, "பெருசத் தொடாதீக அண்ணே, கையக் கிழிச்சிரும்" என்றார். கட்டைவிரல் நகத்தால் பெரிய முள்ளுக்குப் பின்னால் எதையோ லேசாக அமுக்கினார். மடக்குக் கத்தி மடங்குவதுபோலப் பெரிய முள் படுத்துக்கொண்டது. வலை நழுவி விழுந்தது. மூன்று வினாடிகூட ஆகவில்லை. "சின்னதுதான் புடிச்சிட்டு நிக்கும்" என்று சொல்லிக்கொண்டே அடுத்ததை எடுத்தார்.

அன்றைக்கு ஆச்சி வீட்டுத் தாழ்வாரத்தில் பதினொன்றரை மணிக்கு எனக்கு அந்த நகம் நினைவுக்கு வந்தது. கல்லைத் தண்ணீருக்குள் பழையபடி வைக்கச் சொன்னேன். கையை விட்டேன். பொந்துக்குள் விரலால் தடவிப் போனால் முதலில் அரம். அதன் பின்னால் தோலுக்குள் புதைந்தாற்போல ஒரு சிறு முனை. அமுக்கினேன். விரலடியில் 'க்ளிக்' என்பதைக் கேட்கவில்லை, உணர்ந்தேன். அதுவரை கல்லோடு கல்லாக இருந்த உடம்பு சட்டென்று கைக்கு மீனாக வந்தது. ஏழு அங்குலம் இருப்பான். மதுரைத் தம்பி வாளியைத் தூக்கிப் பிடித்தார்.

கடலில் விட்டிருக்கலாமே என்று பின்னால் பலர் கேட்டார்கள். ஐந்து வருடம் தொட்டியில் இருந்த மீன் எந்த நோயைச் சுமந்து போகும் என்று யாருக்கும் தெரியாது, விடக்கூடாது. தவிர, நாலு மணிக்கு நண்டுக்கால் வரும் என்று கண்ணாடியோரம் நின்று பழகியவன். மதுரையில் எட்டடித் தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் போனான். ஆக்சிஜன் நிரப்பிய பை, அதன் மேல் தெர்மாக்கோல் பெட்டி. ஆச்சி பெட்டியின் மேல் கையை வைத்து, "அவனுக்கு வெள்ளிக்கிழம கவிச்சி கிடையாதுன்னு சொல்லிருங்க" என்றார். தம்பி சரி என்று தலையாட்டினார். சொல்லியிருக்க மாட்டார்.

தொட்டியைக் காலி செய்து கழுவி, கண்ணாடியைச் சுவரோரம் சாய்த்தாயிற்று. உப்புத்தான் போகவில்லை. குமிழி வெடிக்கும்போதெல்லாம் தெறிக்கிற கண்ணுக்குத் தெரியாத துளி ஐந்து வருடமாக எங்கெல்லாம் போய் உட்கார்ந்ததோ! சன்னல் கம்பியில் துரு. மரக்கதவின் கீல் முனகுகிறது. தொட்டி நின்ற இடத்தில் ஆத்தங்குடிக் கல்லின் பச்சைப் பூ வெளுத்துவிட்டது. எங்கள் ஊரில், கடலே இல்லாத ஊரில், கடல்நீர் இரும்பை எப்படித் தின்கிறது என்பதையும் ஆராய்கிற நிறுவனம் ஒன்று இருக்கிறது என்பது வெளியூர்க்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். சிக்ரி. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தது. அரிமானத்தைச் சோதிக்க மண்டபத்தில் அவர்களுக்கு ஒரு நிலையமும் உண்டு. அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். கம்பியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மண்டபம் வரைக்கும் போயிருக்க வேண்டாம்" என்று சிரித்தார். சுவரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

தொட்டிக்குப் பின்னாலிருந்த சுவர். நூறு வருடத்துச் சுண்ணாம்புப் பூச்சு, முகம் தெரிகிற அளவு வழவழப்பு. அதில் இடுப்புயரத்துக்கு உப்புப் பூத்திருந்தது, பஞ்சு ஒட்டினாற்போல. ஆச்சி தென்னங்குச்சி வாரியலால் அதைத் தட்டி முறத்தில் வாங்கிக்கொண்டிருந்தார். போன ஐப்பசி மழையில் பூத்தது. தட்டினார். கார்த்திகையில் மறுபடி பூத்தது. நேற்றுப் போயிருந்தேன், மழை ஓய்ந்து வெயில் அடித்த முதல் நாள், அதே இடத்தில் அதே வெள்ளை. நிபுணரை வைத்துச் சுரண்டிப் பூசலாமா என்று நண்பர் சிங்கப்பூரிலிருந்து கேட்டிருக்கிறார்.

"பூசுனாலும் வரும் தம்பி. சுவரு அம்புட்டுக் குடிச்சிருக்கு" என்றார் ஆச்சி. மணி நாலாகியிருந்தது. காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாரியலை எடுத்தார்.